மூச்சு கொடுத்தாச்சு, அப்புறம்?

1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முந்திக்கொண்டு வந்த பிள்ளை, எடை 2.1 கிலோ. இன்றைக்கு அந்த எடையைக் கேட்டு எந்தக் குழந்தை மருத்துவரும் பெரிதாகப் பதற மாட்டார். அன்று பேட்ரிக் 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் இத்தகைய குழந்தைகளிடம் போதவில்லை என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959லேயே எழுதிவிட்டார்கள். காரணம் தெரியும், மருந்துதான் கையில் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, 1971ல், சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரி ஓர் எளிய வழியைக் காட்டினார். மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்றழுத்தம் தங்கும்படி செய்தால் சிற்றறைகள் மூடிக்கொள்ளாது. அவர் பார்த்த 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். வென்டிலேட்டர்களும் மெல்ல மெல்லக் கைக்குள் அடங்கின. சரி, மூச்சு கொடுத்தாச்சு. அப்புறம்?

அந்த ‘அப்புறம்’ பழைய கேள்விதான். 1940களில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்ஸிஜன் விட்டார்கள். குழந்தைகள் பிழைத்தன, ஆனால் உலகம் முழுக்கச் சுமார் 10,000 பேர் பார்வை இழந்தார்கள். ஆக்ஸிஜன்தான் காரணம் என்று 1950களில் உறுதியானதும், மருத்துவமனைகள் அதை இறுக்கிப் பிடித்தன. பார்வை தப்பியது. ஆனால் 1973ல் கென்னத் கிராஸ் ஒரு கணக்குப் போட்டார்: தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு பார்வையிழப்புக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம். கண்ணைக் கவனித்தவர்கள் கண்ணை மட்டுமே எண்ணியிருந்தார்கள்.

இதே தவறு இன்னும் நல்ல எண்ணத்தோடு மறுபடி நடந்தது. வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடக்கும் குழந்தைகளின் நுரையீரல் வீங்கிப் புண்ணாகும். 1980களில் அதற்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண்ணுக்கு நேரே தெரிந்தது. சில நாட்களிலேயே வீக்கம் வடியும், குழாயை எடுத்துவிடலாம். இரவெல்லாம் அந்த மெஷின் முன்னால் நின்ற ஒரு டாக்டருக்கும் ஒரு தாய்க்கும் அதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்? நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். 1990களில் அது சர்வசாதாரணமாகப் புழங்கியது.

ஆனால் மெஷினை விட்டு வெளியே வந்ததோடு ஒரு குழந்தையின் கதை முடியாது. தைவானில் யே என்பவரும் சகாக்களும் பிறந்த உடனே இந்த மருந்தைப் பெற்ற குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதிலேயே கைகால் அசைவில் குறை அதிகம் தெரிந்தது. பள்ளி வயதில், 2004ல் வெளியான முடிவின்படி, அவர்கள் உயரத்திலும் தலைச் சுற்றளவிலும் பின்தங்கியிருந்தார்கள். அறிவுத்திறன் சோதனையில் மருந்து பெற்றவர்களின் சராசரி 78, பெறாதவர்களின் சராசரி 84. அதற்கு முன்பே, 2002ல், வழக்கமான சிகிச்சையாக இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவ அமைப்புகள் சொல்லிவிட்டன. நுரையீரலை ஆற்றிய மருந்துக்கான விலையை, வளர வேண்டிய மூளை கட்டியிருந்தது.

சூடு கண்ட பூனைதான். அடுத்த சந்தேகம் காஃபின் மேல் விழுந்தது. ஆம், நம் காபியில் இருக்கும் அதே சமாச்சாரம். குறைமாதக் குழந்தை அடிக்கடி மூச்சுவிடவே மறந்துபோகும், காஃபின் அதை நினைவூட்டும். 1970களிலிருந்தே அந்த வகை மருந்துகளைக் கொடுத்து வந்தார்கள். ஆனால் ஆக்ஸிஜன் குறையும்போது மூளையைக் காப்பாற்றும் அடினோசினின் வேலையைத்தான் காஃபின் தடுக்கிறது. அப்படியென்றால் மூளைக்கு என்ன ஆகும்?

கனடாவின் பார்பரா ஷ்மிட் குழு 2006 குழந்தைகளைச் சேர்த்துச் சோதித்தது. எல்லாரும் பிறக்கும்போது 500 முதல் 1,250 கிராம் வரை இருந்தவர்கள். இந்தத் தடவை அளவுகோல் மெஷின் இல்லை, ஒன்றரை வயதைத் தாண்டிய பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான். 2007ல் விடை வந்தது. காஃபின் பெற்றவர்களில் 4.4 சதவீதம் பேருக்குப் பெருமூளை வாதம், பெறாதவர்களில் 7.3. பயந்ததற்கு நேர் எதிர்! காஃபின் பெற்ற குழந்தைகள் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே மூச்சு உதவியிலிருந்து விடுபட்டதும் இதற்கு ஒரு காரணம்.

அவர்கள் அத்தோடு விடவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது மொத்த வித்தியாசம் மங்கியிருந்தது. பதினொரு வயதில் மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். காஃபின் பெற்றவர்களில் கைகால் இயக்கச் சிக்கல் குறைவாகத்தான் இருந்தது.