டாஸ்மாக் பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் மக்கும் கப்... பாகலூர் மாதிரி எல்லை ஊர்களில் இது எடுபடுமா?

ஒரு குவாட்டர் வாங்குபவர் கையில் என்னவெல்லாம் சேரும்? ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு பிளாஸ்டிக் கப், ஒன்றிரண்டு தண்ணீர் பாக்கெட், கூடவே ஒரு மிக்சர் பாக்கெட். குடித்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. பாட்டிலைப் பொறுக்க ஆள் வரும், ஏன்னா அதுக்கு விலை இருக்கு. மிச்சமெல்லாம் அங்கேயே கிடக்கும்.

தமிழ்நாட்டில் மது பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலில்தான் வருகிறது. அதனால் இங்கே மது வியாபாரத்தின் பிளாஸ்டிக் குப்பை என்பது பெரும்பாலும் பாட்டிலைச் சுற்றி வரும் பொருட்கள்தான். இதற்குத் தீர்வாக அடிக்கடி சொல்லப்படுவது, மக்கும் கப்பைக் கொடுத்து அதை உரமாக்குவது. கேட்க நல்லா இருக்கு. நடக்குமா?

தடை இருக்கு, கப்பும் இருக்கு

ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் தடை அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் உண்டு. பேப்பர் கப் தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. நாடு முழுவதுக்குமான மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-ல் தொடங்கியது. கர்நாடகா இதற்கெல்லாம் முன்பாக, 2016-லேயே தடை போட்டுவிட்டது.

ஆக, பாகலூரில் நின்று எல்லைக்கு இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் பிளாஸ்டிக் கப் சட்டப்படி இருக்கக் கூடாத பொருள். ஆனா கடையைச் சுற்றிக் கண் போகும் இடமெல்லாம் அதுதான். காரணம் பெரிய ரகசியம் இல்லை. எல்லா டாஸ்மாக் கடையிலும் பார் கிடையாது. பார் இல்லாத இடத்தில் வாங்கியவர் ரோட்டோரம், ஏரிக்கரை, வயல் வரப்பு என்று உட்காருகிறார். அவருக்கு ஒரு கப்பும் தண்ணியும் வேணும். பக்கத்துப் பெட்டிக்கடை அதைக் கொடுக்கிறது.

பாகலூருக்கு இது வெறும் அசிங்கம் சார்ந்த பிரச்சினை இல்லை. ஓசூர் வட்டாரம் பசுமைக்குடில் ரோஜாவுக்கும் முட்டைக்கோஸ், தக்காளி, குடைமிளகாய்க்கும் பேர் போன பகுதி. பெங்களூரு பக்கமிருந்து வரும் தென்பெண்ணை ஆறு, பாகலூர் அருகே கொடியாளம் பகுதியில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அந்த அணையில் நுரை பொங்குவதைப் பலமுறை செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே பக்கத்து நகரத்தின் கழிவைச் சுமக்கும் தண்ணீர் அது. மழை பெய்தால் ஓடையோரம் கிடக்கும் கப்பும் பாக்கெட்டும் அதே வழியில்தான் இறங்கும். வரப்பில் கிடப்பதை மாடு மேயும், ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் புதையும்.

'மக்கும்'னு எழுதினா மக்கிடுமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மக்கும் கப் என்ற பெயரில் சந்தையில் இருப்பது ஒரே பொருள் இல்லை.

ஒரு வகை, பார்க்க அச்சு அசல் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். மக்காச்சோள மாவுச்சத்து அல்லது கரும்புச் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பொருள் அது. இது மக்கும், ஆனா நிபந்தனை இருக்கு. உரக்குவியலின் சூடு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போய் அப்படியே சில வாரம் நிற்க வேண்டும், ஈரமும் காற்றும் சரியாக இருக்க வேண்டும். ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரநிலை கேட்பதும் இதைத்தான்: உரமாக்கும் சூழலில் 12 வாரத்தில் பொருள் தூள் தூளாக வேண்டும், 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். ஏரிக்கரையில் விழுந்த கப்புக்கு இந்தச் சூடு எங்கிருந்து கிடைக்கும்? அங்கே அது வருஷக்கணக்கில் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியே கிடக்கும்.

இன்னொரு வகை கரும்புச் சக்கைக் கூழில் அச்சு வார்த்த கப். பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் இது ஊர் உரக்குழியிலேயே சில மாதத்தில் மக்கும். பாக்குமட்டைத் தட்டும் இதே ரகம். பாகலூர் மாதிரி ஊருக்கு ஒத்துவருவது இந்த இரண்டாவது வகைதான்.

மது ஆலைகளுக்கு உரம் புதுசு இல்லை

சுவாரஸ்யமான விஷயம் என்னன்னா, மதுவும் இந்தக் கப்பும் ஒரே செடியிலிருந்து வருபவை. கரும்பைப் பிழிந்தால் மிஞ்சுவது சக்கை. சாற்றைக் காய்ச்சி சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுவது மொலாசஸ். அந்த மொலாசஸை நொதிக்க வைத்து வடித்தால் கிடைப்பதுதான் இந்தியாவில் பல மது வகைகளின் அடிப்படைச் சாராயம்.

அப்படி வடிக்கும்போது ஒரு லிட்டர் சாராயத்துக்குச் சுமார் 8 முதல் 15 லிட்டர் வரை கரும்பழுப்பு நிறக் கழிவுநீர் வெளியேறும். அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன் பிழைக்காது. இதற்காக வடிப்பாலைகள் பல வருடமாகச் செய்துவரும் வேலை ஒன்று உண்டு. சர்க்கரை ஆலையில் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் மட்டியை நீளமான குவியலாகப் போட்டு, அதன்மேல் இந்தக் கழிவுநீரைத் தெளித்து, இயந்திரத்தால் புரட்டிப் புரட்டி 45 முதல் 60 நாளில் உரமாக்குவார்கள். மழைக்காலத்தில் இது சரிப்படாது, கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்கிவிடும் ஆபத்து உண்டு. பீர் ஆலைகளில் மிஞ்சும் பார்லி சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள சால்ட்வாட்டர் ப்ரூவரி ஒரு படி மேலே போனது. ஆறு பீர் கேனைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதிலாக, பார்லி, கோதுமைக் கழிவிலிருந்து செய்த மக்கும் வளையத்தை 2016-ல் அறிமுகப்படுத்தியது. கடலில் ஆமை கழுத்தில் மாட்டும் வளையங்களுக்கு மாற்று என்பதால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம்ம ஊர் குப்பையில் அந்த வளையம் அபூர்வம் என்பது வேறு விஷயம்.

ஆலைக்குள் உரம் தயாரிப்பது ஏன் முடிகிறது? கழிவு முழுவதும் ஒரே இடத்தில் சேர்வதால். கடைக்கு வெளியே நிலைமை தலைகீழ். ஒவ்வொரு கப்பும் ஒவ்வொரு மூலையில் விழுகிறது.

நீலகிரியில் 10 ரூபாய் செய்த வேலை

சிதறிய பொருளைத் திரும்ப வரவைத்த உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காட்டு விலங்குகளின் காலை உடைந்த பாட்டில்கள் கிழிப்பது பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விற்ற பாட்டில்களில் பாதிக்கும் மேல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

சிக்கல் இல்லாமல் இல்லை. பாட்டிலை அடுக்க இடமில்லை, ஸ்டிக்கர் ஒட்டவும் எண்ணவும் ஆள் இல்லை என்று டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு.

ஆனாலும் மக்கும் கப்புக்கு இந்தத் திட்டம்தான் சரியான முன்மாதிரி. கப் எதனால் செய்தது என்பதைவிட, குடித்தவர் அதை எங்கே போடுகிறார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வருபவர் அதே கையால் கப்பையும் ஒரு தொட்டியில் போட வைக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு தேவையில்லை.

பாகலூர் கணக்கு என்ன?

ஒரு உதாரணத்துக்கு, ஒரு கடையில் நாளைக்கு 500 கப் செலவாகிறது, சக்கைக் கப் ஒன்று 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டரை கிலோ. அவ்வளவுதான்! கண்ணுக்கு மலை மாதிரி தெரிகிற குப்பை, எடை போட்டால் ஒரு கூடைகூட இல்லை.

அதுவே ஒரு பிரச்சினையும்கூட. இரண்டரை கிலோ கப்பைத் தனியாகக் குவித்தால் சூடு ஏறாது. சக்கையில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. கூடவே சாணமும் பச்சைக் காய்கறிக் கழிவும் சேர்ந்து, குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்தால்தான் உள்ளே வெந்து மக்கும். நல்லவேளையாக, முட்டைக்கோஸ் இலைக்கும் மாட்டுச் சாணத்துக்கும் பாகலூர் பக்கம் பஞ்சமில்லை. மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்கும் வேலை ஊராட்சிகளில் ஏற்கெனவே நடப்பதுதான். கப்பும் பாரில் மிஞ்சும் சாப்பாடும் அந்தக் குவியலில் சேர்ந்தால் போதும். பக்கத்திலேயே பூ, காய்கறி விவசாயம் இருப்பதால் உரத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் கப் கலந்தாலும் அது துண்டு துண்டாகி அதே வயலுக்குப் போகும் என்பதால், பிரிப்பதில்தான் கவனம் வேண்டும்.

பார் உள்ள கடைகளுக்கு இந்த வம்பே வேண்டாம். கழுவிக் கொடுக்கும் கண்ணாடி டம்ளரும் கேன் தண்ணீரும் எந்த மக்கும் கப்பையும்விடச் சுலபம். தண்ணீர் பாக்கெட்டுக்கும் மிக்சர் பாக்கெட்டுக்கும் உரக்குழி எந்த உதவியும் செய்யாது. பாக்கெட் தண்ணீருக்குத் தடையை ஒழுங்காக அமல்படுத்துவது ஒன்றுதான் வழி.

எல்லை தாண்டி வரும் பாக்கெட்

பாகலூருக்கென்றே ஒரு தனித் தலைவலி இருக்கிறது. கர்நாடகாவில் மலிவு மது டெட்ரா பாக்கெட்டில் விற்கிறது. அது திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வருவதும், கிருஷ்ணகிரி மாவட்டச் சோதனைச் சாவடிகளில் பிடிபடுவதும் வழக்கமான செய்தி. தொட்டால் காகிதம் மாதிரி இருப்பதால் மக்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். நான்கில் மூன்று பங்கு அட்டைதான். மீதி பாலிஎத்திலீனும் மெல்லிய அலுமினியத் தாளும். உரக்குழியில் போட்டால் அட்டை மட்டும் கரையும், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தகடு அப்படியே நிற்கும். அடுக்குகளைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும்.

2023-ல் தமிழ்நாட்டிலும் 90 மில்லி மதுவை டெட்ரா பாக்கெட்டில் கொண்டுவருவது பற்றி அப்போதைய மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி பேசினார். உடனே அரசியல் கட்சிகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. பள்ளி மாணவர்கள் ஜூஸ் மாதிரி பையில் வைத்துவிடுவார்கள் என்பதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது, குப்பை பற்றிய பேச்சு குறைவு.

10 ரூபாய் திட்டம் டாஸ்மாக் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலுக்குத்தான் செல்லும். கர்நாடக பாக்கெட்டுக்கு ஸ்டிக்கரும் இல்லை, திரும்ப வாங்க ஆளும் இல்லை, பழைய பேப்பர் கடையிலும் விலை இல்லை. ஓசூர், பாகலூர் பக்கம் மக்கும் கப் நாளைக்கே வந்தாலும், வரப்பில் மிஞ்சிக் கிடக்கப்போவது இந்தப் பாக்கெட்தான்.