கடைசிப் பெயர் வாசிக்கும் வரை



பட்டமளிப்பு விழாக்களில் பார்வையாளர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். "அந்தக் காலத்துல மட்டும் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தாங்களா டீச்சர்?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி. இல்லை என்பதுதான் வரலாறு சொல்லும் பதில்.

நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. கறுப்பு அங்கி, ஊர்வலம் எல்லாம் இங்கிலாந்து வழக்கம்தான். அதனால் அந்த ஊர்க் கதையையே சொல்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் ஒரு காலத்தில் பட்டமளிப்பு விழா செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் நடந்தது. 'டெர்ரே ஃபிலியஸ்', அதாவது மண்ணின் மைந்தன் என்ற பெயரில் ஒருவர் எழுந்து பெரிய மனிதர்களைக் கேலி செய்து பேசுவார். கூட்டம் ஆரவாரம் செய்யும். வழிபடும் இடத்தில் இந்தக் கூத்து வேண்டாம் என்று, பேராயர் கில்பர்ட் ஷெல்டன் பணம் கொடுத்து, கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து, 1664 முதல் 1669 வரை ஷெல்டோனியன் மண்டபத்தைக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் போயிருந்த ஜான் ஈவ்லின், அங்கேயும் அதே வசைப்பேச்சைக் கேட்டு நொந்துபோய் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

கேம்பிரிட்ஜும் சளைத்ததல்ல. 1877 நவம்பரில் சார்லஸ் டார்வினுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். மாடத்தில் இருந்த மாணவர்கள் குரங்குப் பொம்மை ஒன்றைக் கயிற்றில் கட்டி நடுமண்டபத்தில் தொங்கவிட்டார்கள். இதை டார்வினின் மனைவி எம்மா தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

இன்னொரு வழக்கம் என்னைக் கொஞ்சம் உறுத்தும். கணிதத்தில் ஹானர்ஸ் தேறியவர்களில் கடைசி இடம் பிடித்தவருக்கு, மாடத்திலிருந்து ஒரு பெரிய மரக்கரண்டியை இறக்கிக் கொடுப்பார்கள். 1909 வரை இது நடந்தது. அதன்பின் மதிப்பெண் வரிசைப்படி பெயர் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். யார் கடைசி என்று தெரியாமல் போனதால் கரண்டியும் நின்றது.

ஆக, சத்தமும் சேட்டையும் புதிதல்ல. பிள்ளை பெயர் வாசிக்கும்போது ஒரு அப்பா விசில் அடித்தால் எனக்குக் கோபம் வராது. அது சந்தோஷம்.

என் கோபம் வேறு. ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறுவோரின் பெயரை வாசித்ததும் பிராக்டர் என்ற அதிகாரிகள் மண்டபத்தில் நடந்துபோய்த் திரும்புவார்கள். மாணவனிடம் கடன் பாக்கி உள்ள கடைக்காரர் அப்போது அவர்களுடைய அங்கியைப் பிடித்து இழுத்து ஆட்சேபம் சொல்லலாம் என்பது பழைய மரபு. இதன் பொருள் என்ன? உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, சாட்சிகள். கல்யாணத்தில் தாலி கட்டும்போது நாம் இருப்பது போலத்தான். சான்றிதழைத் தபாலில்கூட அனுப்பலாமே! ஊரறியச் சபையில் கொடுப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அந்தச் சாட்சிகள்தான் எழுந்து போய்விடுகிறார்கள். போன மாதம் உறவுக்காரப் பெண்ணின் விழாவுக்கு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். தன் பிள்ளை மேடை ஏறி இறங்கியதும் ஒவ்வொரு குடும்பமும் போட்டோ எடுக்க வெளியே கிளம்பியது. கடைசித் துறையின் பெயர்களை வாசிக்கும்போது முக்கால்வாசி நாற்காலி காலி. இருந்தவர்களும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த பெண்ணுக்கு அவள் அம்மாவும், நானும், இன்னும் சிலரும் கை தட்டினோம். அவர்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி என்று பிறகு அந்த அம்மா சொன்னார். முதலில் வந்த பிள்ளைக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இவளுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

என்னிடம் படித்த உங்களில் பலரும் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். இப்போது உங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்கும் காலம். சந்தோஷமாகக் கை தட்டுங்கள், விசிலும் அடியுங்கள். போட்டோ எங்கும் ஓடிவிடாது. கடைசிப் பிள்ளையின் பெயரை வாசித்து முடிக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது.

எல்லோரும் நலமாக இருங்கள்.