கொடிக்கயிற்றைத் தொடாத கை

2017 நவம்பரில் வவுனியா ஈரற்பெரியகுளத்திலுள்ள சிங்களப் பாடசாலை ஒன்றில் விழா. பிரதம விருந்தினர் வட மாகாணக் கல்வி அமைச்சர் க. சர்வேஸ்வரன். தேசியக் கொடியை ஏற்ற அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். விழாவைப் புறக்கணிக்கவில்லை, கொடியை மட்டும் ஏற்றவில்லை. தென்னிலங்கை கொதித்தது. ஆளுநர் ரெஜினோல்ட் குரே சட்டமா அதிபரின் ஆலோசனையைக் கேட்டார்.

அதை ஒரு அரசியல்வாதியின் அன்றைய வீம்பு என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தேசியக் கொடியை வடிவமைக்க 1948இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. வாளேந்திய சிங்கத்துக்குத் தனிச் சட்டகம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே இரண்டு பட்டிகள். இந்த வடிவத்தை ஏற்க மாட்டேன் என்று குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் மாறுபட்டு நின்றார். 1951இல் கொடி ஏற்கப்பட்டது. அன்று குழு அறையில் தீர்க்காமல் விட்ட வழக்குத்தான் 66 ஆண்டுகள் கழித்து வன்னியின் ஒரு பள்ளி முற்றத்துக்கு வந்தது.

அமைச்சருக்கு மறுக்க ஒரு பதவி இருந்தது. ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? சம்பளம், இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை எல்லாமே மேலிருந்து வருபவை. விடுதலைப் புலிகளின் ஆட்சியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. முற்றத்தில் ஏறியதோ புலிக்கொடி. மாவீரர் நாளுக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மறுக்கும் இடம் அங்கும் இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் வன்னியின் கதையை எழுதுவது நேர்மையல்ல.

போர் முடிந்த அடுத்த ஆண்டு, 2010 டிசம்பர் இறுதியில், வலிகாமம் பிரதிக் கல்விப் பணிப்பாளர் மார்க்கண்டு சிவலிங்கம் உரும்பிராயில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரதமர் தி. மு. ஜயரத்ன வரவிருந்த யாழ்ப்பாண நிகழ்வொன்றில் மாணவர்கள் தேசிய கீதத்தைச் சிங்களத்தில் பாட வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் எதிர்த்ததாக அப்போது செய்திகள் வந்தன. கொள்ளையர் வேலை என்றும் கூறப்பட்டது. எதுவாயினும், அந்தச் சாவுக்குப் பிறகு எந்த அதிபர் வாய் திறந்திருப்பார்?

இத்தனைக்கும் தமிழில் பாடுவது சட்ட மீறல் அல்ல. முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி தந்த தமிழ் வரிகள் 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே, மூன்றாம் அட்டவணையில், அச்சாகி இருக்கின்றன. பாடாமல் நிற்பதையும் குற்றமாகக் கருதாத நாடு பக்கத்திலேயே உண்டு. கேரளத்தில் கீதம் ஒலிக்கும்போது எழுந்து நின்று, பாடாமல் இருந்த மூன்று யெகோவா சாட்சிக் குழந்தைகளைப் பள்ளி நீக்கியது. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் சுதந்திர தின விழா தமிழ்க் கீதத்தோடு முடிந்தது. 2020இல் அரச விழாவிலிருந்து அதை மீண்டும் எடுத்துவிட்டார்கள்.