செர்ஜ் பிளாங்கோ

பிளாங்கோ, செர்ஜ் (பிறப்பு: 1958): பிரெஞ்சு தேசத்தின் சார்பில் 1980 முதல் 1991 வரை 93 சர்வதேச ரக்பிப் பந்தயங்களில் ஆடி, அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரரும் எட்டியிராத அந்த எண்ணிக்கையோடு ஓய்வு பெற்றவர். அணியின் கடைசியில் தனித்து நின்று காவல் காப்பதற்கென்றே ஏற்பட்ட ஸ்தானத்தில் ஆடிக்கொண்டு, அந்த இடத்திலிருந்தே தாக்குதலைத் தொடங்கும் துணிவைப் பழக்கமாக்கிக் கொண்டவர் என்பதே இவரது பிரசித்திக்கு ஆதாரம்.

வெனிசுவேலாவின் தலைநகரான காரகாஸில் 31-8-1958 அன்று வெனிசுவேலத் தந்தைக்கும் பாஸ்க் இனத்துத் தாய்க்கும் மகனாய்ப் பிறந்த இவர், தந்தை காலமாகிவிடவே, இரண்டு வயதுக் குழந்தையாகத் தாயுடன் பிரான்சின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள பியாரிட்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். பிளாங்கோ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் வெள்ளை என்று பொருள். கருமை கலந்த மேனியினரான இவர் அப்பெயரைச் சுமந்துகொண்டு, நிறவேற்றுமையையே சட்டமாக வைத்திருந்த தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் 8-11-1980 அன்று தம் முதல் சர்வதேசப் பந்தயத்தை ஆட நேர்ந்தது விதியின் பரிகாசம் என்றே சொல்லவேண்டும். அன்று பிரான்ஸ் 37-15 என்ற கணக்கில் தோற்றது.

ரக்பி பாரத தேசத்திற்கு முற்றிலும் அந்நியமான ஆட்டம் அன்று. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இதை ஆடினார்கள். அதன் விளைவாக அங்கே தோன்றிய சங்கம் சில ஆண்டுகளில் நலிந்து கலைந்தபோது, கையிருப்பாக மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகங்கள் கைப்பிடிகளாகவும் யானை மூடியின் சிகரமாகவும் அமைந்த ஒரு கிண்ணத்தைச் செய்து சீமைக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் போட்டியிடுவது அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்குத்தான். ஆயினும், பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் மாலை வேளையில் மைதானத்துப் பக்கம் போகிறவர் காண்பது கிரிக்கெட்டும் வாலிபாலும் சடுகுடுவுமே ஆதலால், ஆட்டத்தின் இலக்கணத்தைச் சிறிது சொல்லுவது அவசியம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் முன்னே உதைக்கலாம், ஆனால் கையால் முன்னே எறியலாகாது. பின்னாலோ பக்கவாட்டிலோ வரும் தோழனுக்குத்தான் கொடுக்கலாம். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அது ‘டிரை’. பிளாங்கோவின் காலத்தில் அதற்கு நான்கு புள்ளி. சடுகுடுவில் பாடிச் சென்றவன் நாலுபேர் தன்னைப் பிடித்து இழுக்க, மூச்சை விடாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொடுவதற்குப் படும் பாட்டைக் கண்டவர்க்கு இந்த டிரையின் சுவையை விளக்கத் தேவையில்லை.

அந்நாளில் ரக்பி ஆடியவருக்கு ஊதியம் கிடையாது. ஊதியம் வாங்குவதே குற்றமாகக் கருதப்பட்டது. எனவே இளம் பிளாங்கோ தம் வட்டாரத்தில் இருந்த தசோ விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நம் விமானப்படையில் 1953 முதல் ‘தூஃபானி’ என்ற பெயரில் பறந்த போர்விமானங்களைச் செய்தளித்தவர்கள் இந்த தசோ நிறுவனத்தாரே. ஷிப்டு முடிந்து, கையில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு நேரே மைதானத்துக்கு ஓடுகிற இளைஞர்களை அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைப் பக்கத்திலும் பார்த்துப் பழகிய நமக்கு, இவர் வாழ்க்கையில் மிகவும் அண்மையாகத் தோன்றும் பகுதி இதுதான்.

1981இலும் 1987இலும் ஐந்து நாடுகளின் போட்டியில் எல்லா எதிரிகளையும் வென்ற பிரெஞ்சு அணிகளில் இவர் இருந்தார். ஆனால் இவர் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றது, முதல் உலகக் கோப்பையின் அரையிறுதியாக 13-6-1987 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த பந்தயம். இரு பக்கமும் 24 புள்ளிகளில் சமனாக நின்று, நேரமும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்ட தறுவாயில், பந்து பிரெஞ்சுக்காரர் பலருடைய கைகளுக்கு மாறி மாறிச் சென்று, ஒருமுறை நழுவி, மறுபடி மீட்கப்பட்டு, இறுதியில் இடது ஓரத்தில் ஓடிவந்த பிளாங்கோவிடம் சேர, அவர் லாட்டன் என்னும் பருத்த எதிரி பாய்ந்து பிடிப்பதற்கு ஒரு கணம் முன்னதாக மூலையில் உடலைக் கிடத்திப் பந்தைப் பதித்தார். 30-24 என்று முடிந்த அப்பந்தயத்தின் பெருமை ஒரு வாரமே நீடித்தது. இறுதிப் பந்தயத்தில் நியூசிலாந்து 29-9 என்று பிரான்சை எளிதில் வென்றது.

இரசிகர்கள் சிட்னியைச் சொல்வார்கள். இவருடைய ஆட்டத்தின் இயல்பு முழுவதும் வெளிப்பட்டது, தோற்றுப்போன ஒரு பந்தயத்தில்தான் என்பது என் எண்ணம். 1991 மார்ச்சில் லண்டனின் டுவிக்கன்ஹாம் அரங்கில், ஆங்கிலேயர் குறிதவறி உதைத்த பந்து பிரெஞ்சு எல்லைக் கோட்டுக்குப் பின்னே வந்து விழ, அதை அங்கேயே தரையில் அமர்த்திவிட்டு இளைப்பாறுவது எல்லோரும் செய்யும் காரியமாயிருக்க, பிளாங்கோ தம் கோட்டுக்குப் பின்னிருந்தே ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். லாஃபோன், கம்பெராபெரோ, செல்லா என்று கைமாறிக் காலும் பட்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்த அப்பந்தை மறுகோடியில் செந்தாந்த்ரே பதித்தார். ஆயினும் இங்கிலாந்தே 21-19 என்று வென்றது.

அவ்வாண்டு உலகக் கோப்பையில் தலைவராக ஆடிய இவரது சர்வதேச வாழ்வு 19-10-1991 அன்று பாரிஸில், கால் இறுதியில், மீண்டும் இங்கிலாந்திடமே 19-10 என்று தோற்று முடிவுற்றது. இவர் பதித்த 38 டிரைகள் பிரெஞ்சுச் சாதனையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. மறு ஆண்டு ஜூனில், வாழ்நாளெல்லாம் விட்டுப் பிரியாத பியாரிட்ஸ் அணியோடு பிரெஞ்சுச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்தை எட்டி, தூலோன் அணியிடம் 19-14 என்று அதையும் இழந்து ஆட்டத்தைத் துறந்தார்.

பின்னர், தாம் அணிந்த 15 என்ற எண் பொறித்த உடைகளை விற்கும் வியாபாரத்திலும், கடல்நீர்ச் சிகிச்சை விடுதி நடத்துவதிலும் ஈடுபட்டார். 1995இல் ரக்பியில் ஊதியத் தடை நீங்கியது. சம்பள ஆட்டக்காரர்களின் போட்டிகளை நிர்வகிக்க 1998இல் பிரான்சில் அமைந்த சங்கத்திற்குத் தலைவராகி, 2008 வரை அப்பதவியை வகித்தவர், பந்தயத்துக்காகச் சம்பளம் வாங்காமல் ஆடி முடித்த இந்தப் பழைய தசோ தொழிலாளியே.