புள்ளி செய்த பொருள் வேறுபாடு

தமிழெழுத்திற் புள்ளிக்குரிய இடத்தை வரையறுத்துக் கூறும் நூல்களுள் நமக்குக் கிடைத்தவற்றிற் பழையது தொல்காப்பியமே. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று விதித்த ஆசிரியர், எகர ஒகரங்களாகிய குற்றெழுத்துக்களுக்கும் அவ்வாறே விதித்தார். புள்ளியில்லா வடிவங்கள் ஏகார ஓகாரங்களைக் குறித்தன. குறிலுக்குக் குறியிட்டு நெடிலை வெறுமையாக விட்ட இம்முறை இன்றைய மாணவருக்கு விந்தையாகத் தோன்றும்.

விதி இவ்வாறிருக்க, ஓலைச் சுவடிகளிலே புள்ளியைக் காண்பது அரிது. எழுத்தாணியை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை துளைபடும். பனைக்குக் குறைவில்லாத நம் வன்னியிலே இதனை எவரும் ஓர் ஓலை நறுக்கிற் சோதித்தறியலாம். ஆதலின் எழுதுவோர் புள்ளியை விட்டனர். படிப்போர் இடம் நோக்கி ஊகித்தனர். சுவடியில் 'மெய' என்றிருப்பின், அது மெய் என்பதோ, மேய் என்பதோ, மேய என்பதோ என்பதனைத் தொடரே உணர்த்தல் வேண்டும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் பட்ட பாட்டில் ஒரு பங்கு இப்புள்ளியின்மையால் விளைந்ததே. எகர ஏகாரக் குழப்பத்தை நீக்க நெடிலுக்கு வேற்று வடிவு தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர்.

எண்ணுலகிற் புள்ளியின் வரலாறு வேறு. கம்போடியாவிலே சம்போரிற் கிடைத்த சக ஆண்டு 605 (கி.பி. 683) கல்வெட்டில், அவ்வெண்ணின் நடுவிலுள்ள சுழியம் ஒரு புள்ளியாகவே பொறிக்கப்பட்டுள்ளது. 1881 இற் பெஷாவருக்கு அண்மையிற் கண்டெடுக்கப்பட்ட பக்சாலிச் சுவடியிலும் அவ்வாறே. பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனிக்குறி கொண்ட நம் பழைய எண்முறைக்குச் சுழியம் வேண்டப்படவில்லை. தசமப் புள்ளியோ நேப்பியரின் நூல்களால், சிறப்பாக 1619 இல் வெளிவந்ததனால், வழக்கூன்றியது.

இத்தசமப் புள்ளியே கணினி மொழியிற் புதுத் தொழில் பூண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கசு குழுவினர் 1957 இல் வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் 1/3 என எழுதின் விடை 0, 1./3. என எழுதின் 0.333. புள்ளியில்லா எண்ணை முழுவெண்ணாகக் கொண்டு பின்னத்தைத் தள்ளிவிடுதலே காரணம். 30 பாகை செல்சியசைப் பாரன்ஹீற்றாக்க (9/5)*30+32 என எழுதும் மாணவன் 62 பெறுவான்; உரிய விடை 86. பொறி பிழையென்று கூறாது. ஓலை படித்த புலவர் விடுபட்ட புள்ளியைத் தம் அறிவால் இட்டுக்கொண்டார். பொறிக்கு அது இயலாது. அக்காலத் துளையட்டைப் பொறிகளிற் பெரிது, சிறிது என்னுங் குறிகள் இல்லாமையால், ஒப்புநோக்கும் சொற்களும் இருபுறமும் புள்ளியிட்டே எழுதப்பட்டன.

1970களின் பிற்பகுதியிலே தம் மாணவர்க்கெனக் கிளீவ் மோலர் இயற்றிய மாட்லாப் மொழியிற் புள்ளியின் ஆட்சி இன்னும் பெரிது. முதல் வரியில் 1, 2 என்றும் இரண்டாம் வரியில் 3, 4 என்றும் அமைந்த தாயத்தை அதனாலேயே பெருக்கின், 7, 10, 15, 22 வரும். பெருக்கற் குறியின் முன் ஒரு புள்ளி இடின், உறுப்பை உறுப்பாற் பெருக்கி 1, 4, 9, 16 தரும். இரண்டும் கணிதத்திற் பிழையற்றவை. எது வேண்டப்பட்டதென்பது எழுதியவனுக்கே தெரியும். வரியிறுதியில் மூன்று புள்ளி இட்டால் கட்டளை அடுத்த வரியிலுந் தொடரும். நம் ஆய்தத்தின் முப்புள்ளிக்கும் இதற்கும் உறவு யாதுமில்லை; மாணவர் சிலர் வினவியதனாற் கூறி வைத்தேன்.