கருப்பனும் வள்ளியும் தமிழுக்கு வந்த வழி

தேயிலைத் தோட்டத்துக் காதல் கதை என்றதும் பங்களாவும் குதிரைமேல் வரும் துரையும் கப்பலில் வந்திறங்கும் துரைசாணியும்தான் கண்முன் நிற்பார்கள். 1954இல் வந்த ‘எலிஃபண்ட் வாக்’ படத்தில் இலங்கைத் தோட்டத்துத் துரைசாணியாக எலிசபெத் டெய்லர் நடித்தார். தொழிலாளிகளோ காலராவில் விழுந்து, துரைமார் கதைக்கு ஒரு திருப்பத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

பி. எச். டேனியல் எழுதியது வேறு காதல். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் அவர். பழைய தொழிலாளிகள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, 1920களின் வால்பாறையை நாவலாக்கினார். நெல்லைச் சீமையின் வறட்சியில் தவிக்கும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அங்கே குளிர், அட்டை, மலேரியா, வளர்ந்துகொண்டே போகும் கடன். பெண்டாட்டியைத் துரையின் கண்ணிலிருந்து காப்பாற்றுவதே கருப்பனுக்கு அன்றாடக் கவலை. இவ்வளவுக்கு நடுவிலும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத புருஷன் பெண்டாட்டியின் கதை. காதல் கதை இதுதான் என்பேன்.

ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். 1969இல் ‘ரெட் டீ’ என்ற பெயரில் வெளிவந்தது. கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைக்கு அது எட்டவில்லை. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பு ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007இல் வெளிவந்தபோது, முப்பத்தெட்டு வருஷம் ஓடியிருந்தது. முருகவேளின் தமிழில் படித்தால் அது நேரடித் தமிழ் நாவலென்றே தோன்றும்.

அடுத்தது சினிமா. 2013இல் பாலா அதிலிருந்து ‘பரதேசி’யை எடுத்தார், வசனம் நாஞ்சில் நாடன். காலம் 1939க்குத் தள்ளிப்போனது. கருப்பன் ராசாவானான். சேர்ந்து மலையேறிய ஜோடியைப் படம் பிரித்துவிட்டது: அவன் தோட்டத்தில், அவள் ஊரில். பிரிவின் ஏக்கம் திரைக்குத் தோதுதான். என்றாலும், ஒரே கூரைக்குக் கீழே இருவரும் சேர்ந்து பட்ட பாட்டில் இருந்த நெருக்கம் போய்விட்டது.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம் தொழிலாளிகளின் உயிருக்காகத் தோட்ட நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுகிறவர். டேனியலின் சாயல் அவரிடம் உண்டு. படத்திலோ டாக்டர், ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிச்சித்திரம். இந்தக் கதையை எழுதிவைத்ததே ஒரு கிறிஸ்தவ மருத்துவர்தான் என்பது படம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு எப்படித் தெரியும்?