பத்து ரூபாய் நோட்டும் பாஸ்டன் ஐஸும்

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கடைசியாக எப்போது மக்கர் பண்ணியது? எங்கள் அம்பத்தூர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நேரம் காலம் தெரியும். சரியாகக் கத்திரி வெயிலில்தான் படுக்கும். அப்படி ஒரு மே மாதம் பால் திரிந்தது. மறுநாள் இட்லி மாவு பொங்கி வழிந்தது. பாலும் மாவும் போனால் போகட்டும், உள்ளே அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்த இன்சுலின் இருந்தது. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மெக்கானிக் வந்தார். பின்பக்கம் தொட்டுப் பார்த்தார். "கேஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்." ஏற்றினார். மூவாயிரம் ரூபாய். மூன்றே வாரம், மறுபடியும் பால் திரிந்தது.

அடுத்து ஆவடியிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார. ஸ்க்ரூ டிரைவரைக்கூட வெளியே எடுக்கவில்லை. "ஒரு பத்து ரூபா நோட்டு குடுங்க சார்" என்றார். அதைக் கதவிடுக்கில் பாதி வைத்து மூடினார். இழுத்தார். பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது நோட்டு.

"ரப்பர் செத்துப்போச்சு. வெளிக்காத்து உள்ள போவுது. இதுக்கு எதுக்கு சார் கேஸ் ஏத்துனீங்க?"

நான் பி.காம். படித்தவன். பதில் தெரியவில்லை.

இந்த இடுக்குச் சமாச்சாரத்தைப் புரிந்துகொண்டே பெரிய பணக்காரரான ஒரு வியாபாரி இருந்தார். நம் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்களே... அந்தக் கட்டடம் 1842 வாக்கில் கட்டப்பட்டது எதற்குத் தெரியுமா? ஐஸ் வைக்க! கட்டியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரரான ஃப்ரெடரிக் டியூடர். அந்தப் பேட்டைக்கு ஐஸ் ஹவுஸ் என்று பேர் வந்த கதை இதுதான்.

குளிர்காலத்தில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் உறைந்துபோகும். அந்த ஐஸை வெட்டிக் கப்பலேற்றி வெயில் தேசங்களில் விற்றால் என்ன? 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கை அனுப்பினார் டியூடர். ஊரே சிரித்தது. நஷ்டம். கடன் கட்ட முடியாமல் ஜெயிலுக்குக்கூடப் போனார். ஆனாலும் மனிதர் விடவில்லை. ஐஸ் ஏன் உருகுகிறது என்று உட்கார்ந்து கவனித்தார். வெளிக்காற்று நுழைந்தால் உருகுகிறது. உருகிய தண்ணீர் தேங்கினால் இன்னும் சீக்கிரம் உருகுகிறது. சரி, தண்ணீர் வடிய வழி செய். கட்டிகளைச் சுற்றி மரத்தூளைக் கொட்டு. 1825-ல் நாதானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைச் செய்து கொடுத்தார். எல்லாக் கட்டியும் ஒரே அளவு. செங்கல் மாதிரி நெருக்கி அடுக்கலாம், நடுவில் காற்றுக்கு இடமே கிடையாது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. நாலு மாதப் பயணம். மிச்சம் எவ்வளவு? சுமார் 100 டன்! கரன்ட் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. இடுக்கை அடைத்ததற்குக் கிடைத்த கூலி அது.

பிறகு மெஷின் வந்தது. 1874-ல் சென்னையிலேயே ஒரு கம்பெனி ஐஸ் தயாரிக்க ஆரம்பிக்க, ஏரி ஐஸ் வியாபாரம் மெல்லப் படுத்தது. ஐஸ் ஹவுஸ் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கைக்குப் போனது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்றைய பெயர் வந்தது.

அந்த மெஷினின் சூத்திரத்துக்கு 1834-லேயே லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ஜேக்கப் பெர்கின்ஸ். சூத்திரம் என்னவோ நம் மண்பானையில் இருப்பதுதான். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. பானையின் ஆவி காற்றோடு போய்விடும். பெர்கின்ஸ் அதை மூடிய குழாய்க்குள் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்கிச் சுற்றவிட்டார். உங்கள் ஃப்ரிட்ஜ் செய்வதும் இதையேதான். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான்.

இது எங்கள் பி.காம். கணக்கு! உள்ளே வரும் வெப்பம் வரவு, வெளியே போகும் வெப்பம் செலவு. ஊரில் எல்லோரும் வரவைக் கூட்டுவார்கள். இங்கே மட்டும் வரவைக் குறைத்து, செலவைக் கூட்ட வேண்டும்.

வரவு எங்கே? முதலில் கதவு ரப்பர். சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். சூடான குழம்பை ஆறவிடாமல் அப்படியே உள்ளே தள்ளாதீர்கள்.

செலவு எங்கே தடைப்படும்? ஃப்ரிட்ஜை அலமாரி மாதிரி சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கச் சூடு போக வழியில்லை. இடைவெளி விடுங்கள். பின்னால் கறுப்புக் கம்பிவலை தெரிகிற மாடல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். ஃப்ரீஸரில் ஐஸ் மலையாக வளர்ந்தால் ஆஃப் செய்து உருகவிடுங்கள். கத்தியால் குத்தினால் குழாயில் ஓட்டை, அப்புறம் நிஜமாகவே கேஸ் போகும். காய்கறிப் பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்குகிறதா? வடிகால் துளை அடைத்திருக்கும், வெதுவெதுப்பான நீர் விட்டுப் பாருங்கள். டியூடர் கவலைப்பட்ட அதே வடிகால்!

கரன்ட் போய்ப் போய் வந்தால், உடனே போடாமல் ஐந்து நிமிஷம் பொறுங்கள். கம்ப்ரஸர் பிழைக்கும்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் கேஸ். அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற சரக்கு அல்ல. மூடிய குழாயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "எங்கே லீக்?" என்று கேளுங்கள். அதை அடைக்காமல் ஏற்றினால் காசு காற்றோடு போகும். இன்னொன்று. ஓசோனைக் கெடுத்த பழைய கேஸ்கள் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக ஒழிந்தன. இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் ஓடுவது ஆர்-600ஏ. சமையல் கேஸுக்குப் பங்காளி, தீப்பிடிக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்து, விஷயம் தெரிந்தவரிடம் மட்டும் விடுங்கள்.

இன்சுலின் என்ன ஆச்சு என்கிறீர்களா? எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்று தெரியாததால் டாக்டர் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துபோனாலும் வீண்தான். கதவுத் தட்டும் வேண்டாம், ஃப்ரீஸர் பக்கமும் வேண்டாம், நடுத்தட்டு நல்லது. ரப்பர் மாற்றிய அந்த இரண்டு நாளும் புது மருந்தை ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள் வைத்திருந்தார் அம்மா. "இதுக்குக் கேஸ் ஏத்த வேண்டாம்டா" என்றார்.

இன்று ராத்திரி ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஃப்ரிட்ஜ் பக்கம் போய்வாருங்கள்.